ஊம் கொட்டக் கூடாத பரிட்சை

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். திருவனந்தபுரத்துல ஏறினதுல இருந்து பக்கத்து சீட்டு காலி. வடசேரில நீங்க ஏறினீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உசிரே வந்துச்சு. போனை மடியிலயே வச்சிருக்கேன், தப்பா நினைச்சுக்கிடாதீங்க. வீட்டுக்காரி கூப்பிடணும். காலைல பிளேன் ஏத்தி விட்டுட்டு வாரேன். அபுதாபில இறங்கினதும் போன் பண்ணுதேன்னு சொல்லியிருக்கா. அங்க இருந்து வேற பிளேன் மாறி அயர்லாந்து போறா. நர்சு வேலை.

சந்தோசமான்னா கேக்கீங்க? அசதியா இருக்கு அண்ணாச்சி. சந்தோசமா துக்கமான்னு பிரிச்சுப் பாக்கக்கூடத் தெம்பு இல்ல.

நீங்க இப்ப 'ம்'ன்னீங்கள்லா? அது போதும். இந்தக் காலத்துல யாரு ஊம் கொட்டுதா சொல்லுங்க. எவன்கிட்ட பேசினாலும் போனைத் தடவிக்கிட்டே நிக்கான். கேக்குதவன் ஊம் கொட்டினாத்தான சொல்லுதவனுக்கு அடுத்த வார்த்தை வரும்? அந்த ஒரு ஊம்முக்குத்தான் எங்க வீட்டுல இவ்வளவு கூத்தும் நடந்துச்சு. கேளுங்க, சொல்லுதேன். திருநெல்வேலி வரைக்கும்தான போறீங்க? நல்லது.

எம் பேரு தங்கதுரை. கோர்ட்டுல டவாலி. ஜட்ஜ் ஐயாவுக்கு முன்னால வெள்ளை உடுப்பும் குறுக்க சிவப்புப் பட்டையுமா ஒருத்தன் நடந்து வருவாம்லா, அது நான்தான். வாசல்ல நின்னு பார்ட்டி பேரை மூணு தடவை கூப்பிடுவேன். அங்க எனக்கு உள்ள பேச்சு அவ்வளவுதான். மத்தபடி வாயைத் திறக்கக் கூடாது. ஊர்ல உள்ள பொய்யையும் நிஜத்தையும் காதுல வாங்கிக்கிட்டு சிலை கணக்கா நிக்கணும். சாட்சி புளுகுவான், சிரிப்பு வரும், சிரிக்க முடியாது. வக்கீல் ஒண்ணை மறந்துருவாரு, எனக்கு ஞாபகம் இருக்கும், எடுத்துக் குடுக்க முடியாது. எல்லாம் வயித்துக்குள்ள கிடந்து பொருமும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழத்தினதும் கொட்டிரணும். இல்லைன்னா எனக்குச் சோறு இறங்காது.

எங்கிட்டுக் கொட்ட? பியூலாகிட்டதான். அதான் என் வீட்டுக்காரி. அவ ஊம் கொட்டுதது ஒரு தனி அழகு அண்ணாச்சி. மீன் அரிஞ்சுக்கிட்டே கொட்டுவா. துணி மடிச்சுக்கிட்டே கொட்டுவா. சின்னதா 'ம்'னா மேல சொல்லுங்கன்னு அர்த்தம். இழுத்து 'ம்ம்ம்'னா அடப்பாவின்னு அர்த்தம். சத்தம் நின்னுச்சோ, நான் விட மாட்டேன். "ஏட்டி, கேக்கியா இல்லையா? நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசுதேன்?"ன்னு முதல்ல இருந்து ஆரம்பிச்சிருவேன். அதனால அவ நிறுத்தவே மாட்டா. ஆஸ்பத்திரில ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து கண்ணு சொருகும். அப்பவும் ஊம் நிக்காது. தூக்கத்துலயே கொட்டுவா. அவ்வளவு பிரியம் எம்மேல.

எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது, பாத்துக்கிடுங்க. கல்யாணம் ஆனதுல இருந்து அவ என்னை ஒரு வார்த்தை எதுத்துப் பேசினது கிடையாது. எங்கன பேச? சரி, அதை விடுங்க.

இந்த அயர்லாந்து பேச்சை அவ எப்ப எடுத்தான்னு எனக்கு ஞாபகமே இல்ல. நாலஞ்சு தடவை சொன்னேங்கா. சத்தியமா நான் அவகூட வேலை பாக்குத லில்லி சிஸ்டர் போறதாத்தான் நினைச்சேன். லில்லியும் போனா. போயி அங்க ஒரு வருசமா இருக்கா. ஒரு நாள் பாத்தா இவ தலையில ஹெட்போனை மாட்டிக்கிட்டு அடுக்களையில நிக்கா. என்னட்டி பாட்டு கேக்கன்னேன். பரிட்சைக்குப் படிக்கேன்னா. என்ன பரிட்சைன்னேன். எம் மக ஜெனிஷா, ஒம்பதாப்பு படிக்கா, அவ தலையில அடிச்சுக்கிட்டு சிரிக்கா. வீட்டுல எனக்கு மட்டுந்தான் தெரியலையாம்.

இங்கிலீஷ் பரிட்சை அண்ணாச்சி. வெளிநாட்டுல நர்சு வேலைக்குப் போகணும்னா அதுல பாஸாகணும். படிக்கணும், எழுதணும், பேசணும். அதுல எல்லாம் அவ கெட்டிக்காரி. நாலாவது ஒண்ணு இருக்கு, லிசனிங்னு. ஹெட்போன்ல ஓட விடுவான். ஒரு பொம்பளை வாடகைக்கு வீடு கேப்பா, ஒருத்தன் மியூசியத்தைச் சுத்திக் காட்டுவான், அதைக் கேட்டுக்கிட்டே கேள்விக்குப் பதில் எழுதணும். ஒரே ஒரு தடவைதான் ஓட விடுவானாம். எங்க கோர்ட்டுல வராத பார்ட்டியைக்கூட மூணு தடவை கூப்பிடுதோம். இவன் ஒரு தடவை சொல்லிட்டுப் போயிருவானாம். என்ன நியாயம் இது?

மதுரைல போயி எழுதினா. நான்தான் கூட்டிட்டுப் போனேன். வெளிய வாரப்ப முகமே இல்ல. என்னட்டின்னேன், அழுதா. என்ன நடந்துச்சு தெரியுமா? ஹெட்போன்ல அந்தப் பொம்பளை வீடு கேக்கா. இவ 'ம்'ங்கா. அவ 'எனக்கு ரெண்டு பிள்ளைங்க'ங்கா. இவ 'ம்ம்'ங்கா. வாய் விட்டு, சத்தமா! காதுல ஹெட்போன் இருக்குல்லா, தன் சத்தம் தனக்கே தெரியல. முன்னால இருந்த பையன் திரும்பிப் பாத்திருக்கான். மேற்பார்வை பாக்குத மேடம் வந்து தோளைத் தொட்டு, சத்தம் போடாதீங்கன்னு சைகை காட்டியிருக்கா. இவளுக்கு எதுக்குன்னே புரியல. கொஞ்ச நேரத்துல மறுபடியும் ஊம். மறுபடியும் தோளைத் தொட்டிருக்கா. அதுக்குள்ள அங்க மியூசியம்காரன் பாதி மியூசியத்தைச் சுத்திக் காட்டி முடிச்சுட்டான். போச்சு. எல்லாத்துலயும் நல்ல மார்க்கு, லிசனிங்ல மட்டும் காணல.

எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. டேப்புக்கு ஊம் கொட்டிட்டு வந்திருக்காளே! மறுநாள் கோர்ட்டுல எல்லாருக்கும் சொன்னேன். பெஞ்ச் கிளார்க்கு விழுந்து விழுந்து சிரிச்சாரு. வீட்டுல வந்து அவரு சிரிச்சதையும் சொன்னேன். பியூலா அதுக்கும் 'ம்'னா. அவ மனசு நொந்திருக்கும்னு இப்ப தோணுது. அப்ப தோணல.

பாளையங்கோட்டைல கோச்சிங் நடத்துத மேடம் ஒருத்தங்க இருக்காங்க, ஹெலன் மேடம். அவங்ககிட்ட போயிச் சொன்னா. நானும் ஜெனிஷாவும் கூட இருந்தோம். அவங்க சிரிக்கல. "இது இங்கிலீஷ்ல உள்ள குறை இல்ல சிஸ்டர், பழக்கம். வீட்டுலயே இதை விடணும்"ன்னாங்க. "வீட்டுல நிறுத்தாமப் பேசுத ஆள் யாராவது இருக்காங்களா?"ன்னாங்க. ஜெனிஷா என்னையப் பாத்துக் கையைக் காட்டுதா. சரியான வாயாடி.

அப்புறம் சொன்னாங்க பாருங்க ஒரு வித்தை. உதட்டை மூடினாத்தான ஊம் வரும்? அதனால வாயை லேசாத் திறந்து வச்சுக்கிட்டே கேக்கணுமாம். தினமும் சாயங்காலம் நான் பேசணும், அவ வாயைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேக்கணும், கடைசில ஜெனிஷா கேள்வி கேக்கணும். தமிழா இருந்தா என்ன, பழக்கம் விட்டுப் போகணும், பிறகு இங்கிலீஷ் டேப்பு ஓட விடலாம்னாங்க. எனக்கென்ன, சந்தோசம்தான். பேசுததுக்கு ஒருத்தர் கூப்பிட்டு வேலை குடுத்தா வேண்டாம்னா சொல்லுவேன்?

முதல் நாள் மாடிப்படி கேஸைச் சொன்னேன். அண்ணன் கீழ் வீட்டுல இருக்கான், தம்பி மாடியில இருக்கான், படி யாருக்குங்கதுதான் கேஸு. வருசக்கணக்கா நடக்கு. பியூலா எதுக்க நாக்காலியில உக்காந்து, வாயை இம்புட்டுப் போல திறந்து வச்சுக்கிட்டு என்னையே பாக்கா. நான் சொல்லுதேன். ஊம் இல்ல. மறுபடியும் சொல்லுதேன். ஊம் இல்ல. எனக்கு நாக்கு ஒட்டுது. எதுல விட்டேன்னு மறந்து போகுது. "கேக்கியாட்டி?"ன்னுட்டேன். ஜெனிஷா, "அப்பா, அம்மா பதில் சொல்லக் கூடாது, நீங்க பேசுங்க"ங்கா. கடைசில கேள்வி கேட்டா. தம்பி வீட்டுக் கதவு என்ன நிறம், அண்ணனுக்கு எந்தக் கால் வலிக்கி, படியில யாரு பூந்தொட்டி வச்சா. பியூலா ஒண்ணு விடாம சொல்லிட்டா. எனக்கே ஆச்சரியம். இத்தனை வருசமும் அவ நிஜமாவே கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா!

நாள் போகப் போக எனக்குத்தான் முடியல அண்ணாச்சி. ஒருத்தர் பேசாம முகத்தையே பாத்துக்கிட்டுக் கேட்டா என்னமோ செய்யும். ஜட்ஜ் ஐயா அப்படித்தான் கேப்பாரு. எங்க கோர்ட்டுல பாத்திருக்கேன், வக்கீல் கேள்வியை நிறுத்திட்டுச் சும்மா நிப்பாரு. அந்த அமைதி தாங்காம சாட்சிக்காரன் பாட்டுக்குத் தேவையில்லாததை எல்லாம் பேசிக்கிட்டே போவான். நானும் அப்படி ஆயிட்டேன். கேஸைச் சொல்லிக்கிட்டே வந்தவன் ஒரு நாள், "நீ போயிட்டா நான் யாருகிட்ட பேசுவேன்?"ன்னுட்டேன். அவ வாய் திறந்தபடியே இருக்கு. ஜெனிஷா அன்னைக்குக் கேள்வியும் கேக்கல.

அதுக்கு மறுநாள்தான் பியூலா, "இன்னைக்கு நான் பேசுதேன், நீங்க கேளுங்க"ன்னா. சரின்னேன். நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? ஆனா நேரத்தைப் பாருங்க. அன்னைக்குத்தான் மாடிப்படி கேஸுக்குத் தீர்ப்பு வந்திருக்கு! படி ரெண்டு பேருக்கும் பொதுன்னு ஐயா சொல்லிட்டாரு. அண்ணனும் தம்பியும் முறைச்சுக்கிட்டு நிக்கானுக. அதைச் சொல்லணும்னு நாக்கு நுனியில வச்சுக்கிட்டு வந்திருக்கேன். இவ என்னடான்னா, அயர்லாந்துல மழை பெய்யும்ங்கா. ஆஸ்பத்திரி பக்கத்துல லில்லி ஒரு வீடு பாத்து வச்சிருக்காங்கா. ஏதோ அறை, ஏதோ அடுக்களை. எனக்கு அந்தத் தம்பிக்காரன் முகம்தான் கண்ணு முன்னால நிக்கி. அவ எப்ப முடிச்சான்னே தெரியல.

ஜெனிஷா கேள்வி கேக்கா. "அப்பா, அந்த வீட்டுல எத்தனை பேர் இருக்கப் போறாங்க?"

மூணு பேருன்னேன். வேற எத்தனை? நான், அவ, பிள்ளை. ஜெனிஷா அவ அம்மா முகத்தைப் பாத்தா. பியூலா எந்திரிச்சுக் கொடியில கிடந்த துணியை எடுக்கப் போயிட்டா. "ஏட்டி, உங்கம்மா என்ன சொன்னா? திரும்பச் சொல்லச் சொல்லு"ன்னேன். "லிசனிங்ல ஒரு தடவைதான்பா"ன்னுட்டுப் புத்தகத்தைத் தூக்கிட்டு அவளும் போயிட்டா.

அன்னைல இருந்து இது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு அண்ணாச்சி. ரெண்டுன்னு சொன்னாளா, மூணுன்னு சொன்னாளா? வாய் விட்டுக் கேட்டுரலாம். கேட்டா, அன்னைக்கு நான் கேக்கலைன்னு ஆயிரும்லா? எனக்குத் தலைவலி வேற அன்னைக்கு. நம்ம மேலயும் தப்பு இல்ல. ஆனா கேக்க வாய் வரல. பிறகு பரிட்சை எழுதினா, பாஸாயிட்டா, விசா வந்துச்சு, பெட்டி கட்டினா. எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. வீட்டுல ஊம்ங்கிற சத்தமே இல்ல. பழக்கம் விட்டுப் போச்சாம். நான் பேசுவேன், அவ வாயை லேசாத் திறந்து வச்சுக்கிட்டுச் சப்பாத்தி உருட்டுவா. அதுக்கு மேல நானும் பேச்சைக் குறைச்சுட்டேன். கேஸு கேஸா வயித்துக்குள்ளயே கிடக்கு.

இன்னைக்கு ஏர்போர்ட்டுல உள்ள போறதுக்கு முன்னால என் கையைப் பிடிச்சா. "அபுதாபில இறங்கினதும் கூப்பிடுதேன். ஒரு விசயம் சொல்லணும். நீங்க பேசாமக் கேக்கணும். குறுக்க ஒரு வார்த்தை பேசக் கூடாது"ன்னா. அதை அங்கயே சொன்னா என்ன? நான் பேசிருவேனாம். பிளேன் மேல ஏறுத வரைக்கும் அங்கயே நின்னேன். எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. கோர்ட்டுல தீர்ப்பு நாள்ல பார்ட்டிக்காரங்க தண்ணி குடிச்சுக் குடிச்சு நிப்பாங்க, நான் கேலி பண்ணியிருக்கேன். இப்ப பாருங்க, என் பாட்டிலும் காலி.

இருங்க, இருங்க. போன் அடிக்கி. அவதான். ஆரல்வாய்மொழி தாண்டுததுக்குள்ள பேசிரணும், அந்தக் கரண்டு எடுக்குத காத்தாடிப் பக்கம் சிக்னல் நிக்காது. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.

பியூலா, சொல்லு. நான் பேசல. நீ சொல்லு.

ச்சே! கட்டாயிட்டு. கட்டாகல, அவதான் வச்சுட்டா. நான் என்ன தப்புப் பண்ணினேன் அண்ணாச்சி, நீங்களே பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? மேடம் சொன்னபடி வாயைத் திறந்து வச்சுக்கிட்டு, ஒரு மூச்சு சத்தம் வராம, காதை ஒட்ட வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கேன். 'நல்லபடியா இறங்கிட்டேன்'னா. 'அன்னைக்குச் சொன்னேன்லா அந்த வீடு'ன்னா. நான் அசையல. அவ, 'என்னங்க, ஹலோ, கேக்குதா, லைன்ல இருக்கீங்களா'ங்கா. குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காளே, நான் எப்படிப் பேச? 'ஹலோ ஹலோ'ன்னா, வச்சுட்டா. கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்!

என்ன சிரிக்கீங்க? ஊம் கொட்டியிருக்கணுமா? ஊம் பேச்சு இல்லையா அப்ப? அது சரி. அவ முகமும் எனக்குத் தெரியல, என் முகமும் அவளுக்குத் தெரியல. நீங்க சொல்லுததும் சரிதான். எனக்கு இது தோணல பாருங்க. நான் என் வாழ்க்கையில யாருக்கு அண்ணாச்சி ஊம் கொட்டியிருக்கேன்?

மறுபடியும் அடிக்கி.

ம்.

ம்.

ம்… ம்.

ம்ம்.

ம்?

ம்.

ம்ம்ம்.

ம்.

வச்சுட்டா. இல்ல, கட்டாகல. சொல்லி முடிச்சுட்டுத்தான் வச்சா.

ரெண்டு பேருக்குத்தானாம் அண்ணாச்சி. வீடு. முழுப் பரிட்சை முடிஞ்சதும் ஜெனிஷாவை அனுப்பி வைங்கங்கா. நான் ஒரு வருசம் கழிச்சு வரணுமாம். கோவத்துல சொல்லலங்கா. "ஒரு வருசம் நான் யாருக்கும் ஊம் கொட்டாம இருந்து பாக்கணும். வேலை முடிஞ்சு வந்து சும்மா உக்காரணும். அதுக்குப் பிறகு நீங்க வாங்க, நானே கூப்பிடுதேன்"ங்கா. அன்னைக்கும் இதைத்தான் சொன்னாளாம். ஒரு வார்த்தை மாறாம இதையேதான் சொன்னாளாம்.

எனக்குச் சொல்ல நூறு இருந்துச்சு. நான் என்ன குறை வச்சேன், ஊர்ல என்ன சொல்லுவாங்க, தனியா எப்படி இருப்பேன், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா ஊம்தான் வந்துச்சு. கடைசில என்ன சொன்னா தெரியுமா? "கல்யாணம் ஆனதுல இருந்து இன்னைக்குத்தாங்க நான் ஒண்ணைச் சொல்லி முடிச்சிருக்கேன்"ன்னா. அவ அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல. ஏர்போர்ட்டுல ஒரே இரைச்சல்.

இல்ல, தண்ணி வேண்டாம். சரி, குடுங்க. கண்ணுல தூசி இல்ல அண்ணாச்சி, அழுகைதான். இதுல என்ன மறைக்க இருக்கு.

காத்தாடி எல்லாம் வந்துட்டு. இனிமே சிக்னல் இருக்காது.

வடசேரில இருந்து நானேதான் பேசிக்கிட்டு வாரேன். உங்க பேரைக்கூடக் கேக்கல பாருங்க. திருநெல்வேலில யாரைப் பாக்கப் போறீங்க? சொல்லுங்க அண்ணாச்சி, நான் கேக்கேன்.

ம்.

தம்பி வீட்டுக் கல்யாணமா. ம்.

ம். பேச்சுவார்த்தையே கிடையாதா? ம்ம். பத்திரிகை மட்டும் தபால்ல அனுப்பியிருக்கானா?

அட, எங்க மாடிப்படி கேஸ்லயும் அந்தத் தம்பிக்காரன் இதே மாதிரிதான் ஒரு…

இல்ல. இல்ல அண்ணாச்சி. நீங்க சொல்லுங்க.

ம்.